எறிந்தவனே வழிக்க வேண்டும்

சுத்தியலுக்குக் கோபம் வந்தால் முதலில் பறப்பது தட்டு. வார்த்தையெல்லாம் பிறகுதான். பழைய கட்டடங்களை இடிக்கும் கூட்டத்தில் முதல் அடி போடுகிறவன் அவன். பட்டப்பெயர் அப்படி வந்தது. வேலையிடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வர வேண்டிய கையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான், அதுதான் சிக்கல். குழம்பில் உப்பு கூடினால் சுவர். பேச்சில் மரியாதை குறைந்தால் சுவர். அடுக்களைச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கறை பரவிக் கிடந்தது. மகள் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உலகப்படம் என்று பெயர் வைத்திருந்தாள்.

மனைவி தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். முந்நூறு பேருக்கு ஆக்கியும் ஒரு கரண்டி மிச்சம் வைக்காதவள். அவள் அழவில்லை, சட்டம் போட்டாள். எறிந்தவனே வழிக்க வேண்டும். வழித்ததை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே உரம் சேர்க்க ஓட்டை போட்ட இரண்டு பெயின்ட் வாளிகள் இருந்தன. காய்த்தோல், முட்டை ஓடு, அவன் எறிந்த சோறு எல்லாம் அதற்குள் போகும், மேலே காய்ந்த இலை ஒரு கை. எறிந்த அளவு மறுநாள் அவன் தட்டில் குறையும். பசி அவனைவிடப் பெரிய ரவுடி. இரண்டு மாதத்தில் தட்டு பறப்பது பாதியாகிவிட்டது.

திட்டிக்கொண்டேதான் மாடியேறினான். ஒருநாள் கம்பியால் கிளறும்போது கறுப்பு மண்ணும் அதற்குள் நெளியும் மண்புழுக்களும் கண்ணில் பட்டன. பிறகு தட்டு பறக்காத நாளிலும் ஏதாவது சாக்கு சொல்லி மேலே போனான். பிறந்ததிலிருந்து இடித்தே பழகியவனுக்கு, கை பட்டு உருவானது அது ஒன்றுதான். மகளைச் சேர்த்தால் இரண்டு.

இதற்கு முன் மூன்று வீடுகளை அடிதடியால் காலி செய்திருந்தார்கள். கடைசி வீட்டுக்காரரின் முன்பல் இன்னும் கிடைக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த அன்றே, வெங்காயம் உரித்தபடி மனைவி சொல்லிவிட்டாள். "இனி யார் மேலயாவது உங்க கை பட்டுச்சுன்னா, பொண்ணைக் கூட்டிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். வீட்டை மாத்துறதைவிட ஆளை மாத்துறது சுலபம்."

அதனால்தான் மாடியறைத் தையல்காரரை அவன் அத்தனை நாள் பொறுத்தான். அவர் தனியாள், வாய் நீளம். ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் வாளிகள் ஊறி நாற ஆரம்பித்தபோது, உங்கள் எச்சிலுக்கு நான் காவலாளா, இன்னொரு நாள் நாறினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். சுத்தியல் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். இடிக்கிற இடங்களில் பழைய கக்கூஸ் குழி திறந்துகொண்டால், மேலே சுண்ணாம்புத்தூளைக் கொட்டி நாற்றத்தை அடக்குவார்கள். மறுநாள் வேலையிலிருந்து அரை மூட்டை கொண்டுவந்தான். யாரிடமும் சொல்லாமல் தாராளமாகக் கொட்டி, அடிவரை கிளறி மூடிவைத்தான்.

காலையில் மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. மூக்கைக் குத்தும் நெடி. புழுக்கள் வெட்டிப் போட்ட நூல் போலச் சுருண்டு செத்திருந்தன. நூல் என்றதும் அவன் பார்வை நேராக அந்த ஜன்னலுக்குத்தான் போனது.

கதவு ஓர் உதையில் பெயர்ந்தது. தையல்காரர் கழுத்தில் டேப்போடு நின்றிருந்தார்.

"என்னடா ஊத்தின?"

"யோவ், நான் அந்தப் பக்கமே…"

மீதியை முகத்தில் விழுந்த குத்து வாங்கிக்கொண்டது. தையல் மெஷின் கவிழ்ந்தது. பாதி தைத்த வெள்ளைச் சட்டையில் மூக்கு ரத்தம் சொட்டியது. தடுக்க வந்த வலது கையைப் பிடித்து, கட்டைவிரலைப் பின்னால் வளைத்தான். எது உடைந்தால் என்ன சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும். இது மிகச் சின்னச் சத்தம். அதைக் கேட்டதும்தான் கை நின்றது.

மனைவி மேலே வந்தாள். அவனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"இதுல வெள்ளையா என்ன இது?"

"சுண்ணாம்பு. நாத்தத்துக்கு நான்தான்…"

"உயிர் இருக்கிறதுல சுண்ணாம்பைக் கொட்டினா சாகாம என்ன செய்யும்?"

அவ்வளவுதான் சொன்னாள். தையல்காரரின் விரலைத் துணியால் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சாயங்காலம் பெட்டியோடு மகளும் அவளும் கிளம்பினார்கள். மறிப்பதற்கு அவனிடம் இருந்தவை இரண்டு கைகள்தான். அவற்றை நீட்ட அவனுக்கே பயமாக இருந்தது.

தையல்காரர் போலீஸுக்குப் போகவில்லை. நீ உள்ளே உட்கார்ந்து தின்பாய், எனக்கு யார் சமைப்பது என்று கேட்டார். கதவை மாட்டிக் கொடுத்த சுத்தியல் அன்றே சமைத்து எடுத்துப்போனான். அவர் தட்டை இடது கையால் வாங்கி எறிந்தார். பழக்கமில்லாத கை என்பதால் குறி தவறி அவன் நெஞ்சில் விழுந்தது. அவன் கை மேலே எழுந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எழுந்த கை அப்படியே தரைக்கு இறங்கிச் சோற்றை வழித்தது. வாளியைக் காலி செய்து கழுவி, புதிதாக இலை பரப்பி, அதற்குள் போட்டான்.

ஒன்பது நாள் எறிந்தார். அவன் ஒரு நாளும் அளவைக் குறைக்கவில்லை. பத்தாம் நாள் தின்றுவிட்டு, உப்பு கூட என்றார்.

மகள்தான் தினமும் போனில் பேசுவாள். கட்டைவிரல் கட்டு பிரித்த அன்று மனைவியின் குரல் வந்தது.

"வாளியில இன்னிக்கு என்ன போட்டீங்க?"

"காய்த்தோல். எறியுற சோறு இப்ப வர்றதில்ல. அவரும் எறியல."

"நீங்க?"

"நீ போனதிலேருந்து இல்ல."

பின்னால் மகள் ஏதோ கேட்பதும், இவள் அவளை அதட்டுவதும் கேட்டன.

"நாளைக்கு மத்தியானம் நாலு பேருக்கு ஆக்குங்க. இருக்க வரேன்னு நினைச்சுக்காதீங்க, சாப்பிடத்தான் வரோம்," என்றாள். "மிச்சம் வரக்கூடாது."