அடுப்பை எண்ணினேன், ஒரு வீடு குறைந்தது

நாலு மாதம் இருக்கும். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேடம், நீங்கதானே எங்களுக்கு ஒண்ணுன்னு எழுதினது?"

திரும்பினேன். கையில் சும்மாட்டுத் துணியோடு ஓர் இளம்பெண். சேலையின் கீழ்பாதி முழுக்க உப்புக் கறை. முகம் நினைவில்லை. நான் எழுதினேனா... எதை?

"தேவிங்க. சுனாமிக்கு அப்புறம் தார் ஷீட் கொட்டாயில இருந்தோமே, ஃபாரம் எடுத்துக்கினு வந்தீங்களே."

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் சும்மா விசாரிப்பது போலத்தான் கேட்டாள். குடிக்காத டீயைக் கீழே வைத்தேன்.

சுனாமி வந்த சில வாரங்களில், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஃபாரம் நிரப்பப் போனவர்களில் நானும் ஒருத்தி. வீடு இழந்தவர்களைக் கணக்கெடுக்கும் வேலை. 'ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற வழக்கம்தானே? எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

தேவியும் அவள் ஓரகத்தி மல்லிகாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அண்ணன் ஆறுமுகத்தின் மனைவி மல்லிகா. தம்பி சேகரைக் கட்டி அந்த ஆவணியில்தான் தேவி வந்திருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடிசை. ஆனால் சமையல் ஒன்று. விடியுமுன் இருவருமே அளத்துக்குக் கிளம்ப வேண்டும். யார் முதலில் திரும்புகிறார்களோ அவர்கள் உலை வைப்பார்கள். அலை இரண்டு குடிசையையும் கொண்டு போய்விட்டது.

நான் கேட்டேன்: "சமையல் தனியா, சேர்ந்தா?"

"சேந்துதாங்க," என்றார்கள் இருவரும். பெருமையாகச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒன்று என்று எழுதினேன்.

குடும்பத்துக்கு ஒரு வீடு என்று அந்த நிறுவனம் புதுக் காலனி கட்டியபோது, அந்த 'ஒன்று' ஒரே ஒரு கான்கிரீட் வீடாக அவர்களுக்குக் கிடைத்தது.

டீக்கடையிலிருந்து தேவியோடு அந்த வீட்டுக்குப் போனேன். ஓர் அறை, ஒட்டினாற்போல் சின்னச் சமையல்கட்டு. அதில் இரண்டு தம்பதி, மல்லிகாவின் இரண்டு பெண் பிள்ளைகள்... ஆறு பேர்.

"சேகர் எங்கே?"

மல்லிகா தேவியைப் பார்த்தாள். தேவி சுவரைப் பார்த்தாள்.

"அது அளத்து ஷெட்லயே படுத்துக்குது மேடம்," என்றாள் மல்லிகா. "கொட்டாயில இருந்தப்பவும் அப்படித்தான். வயசுக்கு வர்ற பொண்ணுங்க இருக்குது... சங்கடப்பட்டுக்கினு வீட்டுப் பக்கமே வர்றதில்ல. இப்பல்லாம் சோத்துக்குக்கூட வர்றது இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆவப் போவுது. இவ அம்மா வீட்டுக்கே போயிடுறேன்றா."

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன். கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். நானும் சரியாகத்தான் எழுதினேன். அப்புறம் எப்படி ஒரு வீடு காணாமல் போனது? அன்றைக்கு இன்னும் எத்தனை ஃபாரத்தில் இப்படிச் சரியாக எழுதினேன்?

மறுநாளே அந்தத் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார் பொறுப்பாளர். ஆனால் யாருக்கென்று முடிவாகாமல் சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவாம்.

"தப்பா கணக்கெடுத்துட்டேன்னு எழுத்துல குடுப்பீங்களா?"

பேனாவை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பத்திரிகையில் ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிறவள் இல்லையா? என் தப்பை எழுதக் கை வரவில்லை. கடைசியில் எழுதினேன்.

நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பொறுப்பாளர் காலனிக்கு வந்தார். நானும் போயிருந்தேன். அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே யோசனை சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: ரெண்டு அடுப்பு வையுங்கள், சண்டை போட்டுப் பிரிந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.

"பொய்க்குக்கூட வாய் வரமாட்டேங்குது மேடம்," என்று மல்லிகா என்னிடம் கிசுகிசுத்தாள். "இவகூட நான் என்ன சண்ட போடுறது?"

அடுப்பு மட்டும் இரண்டு வைத்திருந்தார்கள். சமையல்கட்டில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. அவர் இரண்டின் மேலும் இருந்த பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். ஒன்றில் சோறு. இன்னொன்றில் மீன் குழம்பு.

"ஏம்மா... ஒரு குடும்பம் வெறும் சோறு, இன்னொரு குடும்பம் வெறும் குழம்பா?"

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தேவி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஏதாவது பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் மல்லிகா முன்னால் வந்தாள்.

"ஆமா சார், நாங்க பிரியல. பிரியவும் மாட்டோம். ஆனா அடுப்ப எதுக்கு எண்ணுறீங்க? பாய எண்ணுங்க. இந்த ஒரு ரூம்ல எத்தினி பாய் விரிக்க முடியும்னு நீங்களே விரிச்சுப் பாருங்க. என் கொழுந்தன் உப்பு மூட்டைங்க நடுவுல படுத்துக்கினு இருக்குது. இவ வாயத் தெறக்க மாட்டா. நான் கேக்குறேன்... புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா இருக்கணும்னா எங்கள சண்ட போடச் சொல்றீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களைப் பார்த்தார். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. ஜீப் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு மாதம்! ஒரு நாள் விட்டு ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். 'பாத்துக்கிட்டு இருக்கோம் மேடம்.' எதைப் பார்க்கிறார்கள்? தேவி இருக்கிறாளா, கிளம்பிவிட்டாளா? வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒரு காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மல்லிகா கூப்பிட்டாள். "சாவி குடுத்துட்டாங்க மேடம்!"

போன வாரம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் தேவியின் வீடு. சேகர் துணிக்கொடி கட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், 'வாங்க' என்று மட்டும் சொல்லி மறுபடி ஆணியைப் பார்த்துக்கொண்டான். சமையல் இன்னும் மல்லிகா வீட்டில்தானாம்.

"சாவி வாங்கினதும் முதல்ல என்ன பண்ணே தேவி?"

பால் காய்ச்சினேன், சாமி படம் மாட்டினேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"உள்ள போய்க் கதவ சாத்தினேங்க," என்றாள்.