உதிராத இலை

பானி ஊரில் முடிவெட்டும் நார்சிசோ எந்தப் பெண்ணைப் பிடித்துப்போனாலும் பூங்காவுக்கு அழைத்துப்போய், பாதாம் மரத்து இலையில் நகத்தால் ‘டிசம்பரில் கல்யாணம்’ என்று கீறிக் காட்டுவான். சில வாரங்களில் இலை சிவந்து உதிரும். “மரமே நம்மளக் கைவிட்டுடுச்சும்மா, நான் என்ன பண்ண?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவளைத் தேடிப் போவான்.

கறிப் பூரணம் வைத்த எம்பனாதா பொரித்து விற்கும் நெரெய்தாவின் வாசலில் இருந்தது கோப்பேய் மரம். அவள் மேல் கண் வைத்தவன், எல்லாம் இலைதானே என்று, ஊரே பார்க்கும்படி ஏணி வைத்து ஏறி, அதே வாசகத்தைத் தன் பெயரோடு கீறினான். கோப்பேய் இலையோ செருப்புத்தோல் மாதிரி தடித்தது. எழுத்து வெளுத்து, அச்சடித்தாற்போல் நின்றது. டிசம்பர் போனது, ஈஸ்டரும் போனது, இலை அசையவில்லை. எம்பனாதாவுக்குக் காத்திருந்தவர்கள் அதைச் சத்தமாக வாசித்து, “எந்த வருஷத்து டிசம்பர்ப்பா?” என்று கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் தெரு உறங்கும் நேரத்தில் நார்சிசோ இலையைப் பறிக்க மரமேறினான். நெரெய்தா வந்து ஏணியை எடுத்துவிட்டாள். தெருப் பெண்களெல்லாம் நாற்காலியோடு கூடிவிட்டார்கள்.

“நெரெய்தா, தங்கம், ஏணிய வையி! நாளைக்கே கட்டிக்கிறேன்!”

“உன்னை யாருய்யா கட்டிக்கப் போறா? நீ எழுதினதப் படிக்க வர்ற கூட்டத்தால எனக்கு நாலு மடங்கு வியாபாரம். இலைல கை வச்சே, கைய ஒடிச்சிடுவேன்!”

சாயங்காலம் ஏணி வந்தது. நார்சிசோ தலையைத் தொங்கப்போட்டபடி இறங்கினான். தெருமுனை திரும்பியதும் சீட்டியடித்துக்கொண்டு நடந்தான். கல்யாணத்திலிருந்து தப்பித்துவிட்டான் அல்லவா?