வேலூர்க்காரன் மைசூரில் வாங்கிய பிளைண்டு

மைசூரில் பங்குனி பிறந்ததும் ஒரு விசித்திரம் நடக்கும். எல்லாரும் வெயிலுக்காக மன்னிப்புக் கேட்பார்கள். பால்காரர், பஸ் கண்டக்டர், பேங்க் செக்யூரிட்டி, யாரைப் பார்த்தாலும் "ஏனு செகே சார்!" என்று சங்கடத்தோடு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். என்ன புழுக்கம் என்று அர்த்தம். அவர்களே வெயிலைக் கூட்டிக்கொண்டு வந்து, விருந்தாளி முன்னால் அது மரியாதை கெட்டு நடந்துகொண்ட மாதிரி இருக்கும் அந்த முகம். நானோ வேலூர்க்காரன். எங்கள் ஊருக்கு இரண்டே பருவம்தான், வெயில், கடும் வெயில். என்னிடம் வெயிலைப் பற்றிப் புலம்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. விஜயநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், மேற்கே ஒரு பெரிய ஜன்னல். மதியம் அதன் வழியாக வருகிற வெயில், சொத்தில் பங்கு கேட்க வந்த சொந்தக்காரன் மாதிரி நடு ஹாலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் என் மகள் காவ்யா, "ஏசி வாங்கிடலாம்பா" என்றாள். அது எப்படி முடியும்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வேலூர் போய், "எங்க மைசூர்ல ஃபேனே தேவையில்லை" என்று அளந்துவிட்டு வந்தவன் நான். ஏசி மாட்டினால் மீட்டர் ஓடுவது ஒரு பக்கம், மச்சான்கள் சிரிப்பது இன்னொரு பக்கம். மீட்டரையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே கரண்டு மிச்சமாகும்படி ஜன்னலுக்கு நல்ல பிளைண்டாகப் பார்த்துப் போடுவது என்று முடிவாயிற்று.

ஹெப்பாள் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவனுக்கு ஒரு துணித்திரை பெரிய விஷயமா? ஒரு வாரம் போனைத் தடவி மகாபண்டிதன் ஆகிவிட்டேன். கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் அது வெளியே போக மனம் வராது. ஆகையால் வெளிப்பக்கம் மறைப்பதே உத்தமம். உள்ளேதான் போடமுடியும் என்றால் வெளியே பார்க்கிற பக்கம் வெள்ளையாக இருக்கவேண்டும், வெயிலைத் திருப்பி அனுப்ப. தேன்கூடு மாதிரி அறை அறையாக மடிகிற ஒரு வகை இருக்கிறது, உள்ளே காற்றைப் பிடித்துவைத்துச் சூட்டைத் தடுக்கும். இத்தனையும் தெரிந்துகொண்டேன். கடைக்குப் போனால், கடைக்காரர் மட்டும் நான் எங்கும் படிக்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் சார்?"

"மேற்கு."

"எத்தனை மணிக்கு வெயில் விழுது?"

"வெயிலுக்கு மணி ஏதுங்க? எங்க ஊர்ல அது குடியிருக்கு."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளிச்சம் துளிகூட நுழையாத பிளாக்அவுட் ரகத்தை எடுத்து விரித்தார். முதுகு வெள்ளை, முகம் சாம்பல். அதையே வாங்கினேன்.

வேலூரில் ஒரு சட்டம் உண்டு. காலை எட்டு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்தவேண்டும், சாயங்காலம்தான் திறக்கவேண்டும். எந்தத் திசை, எந்த மணி என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். திருடனுக்குக் கதவைச் சாத்தும்போது அவன் கிழக்கே வருவானா மேற்கே வருவானா என்று பார்ப்போமா? சாத்திய வீடுதான் விவரமான வீடு. அந்தப் புத்தி என் கையோடு வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திரையை இறக்கிவிட்டு, வெற்றிவீரனாக ஃபேக்டரிக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் கூடம் குகை மாதிரி இருந்தது. காவ்யா டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து லைட் எரியுதுப்பா. கரண்டு மிச்சம் பண்ண சூப்பர் ஐடியா."

"சூடு குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சுது. கண்ணும் குறைஞ்சுது."

போகட்டும், யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டு, மறுநாளும் எட்டு மணிக்கே திரையை இறக்கினேன். சறுக்கல் அதோடு நிற்கவில்லை. அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, காம்பவுண்டு சுவருக்கு அந்தப்புறம், நாகரத்னம்மா வீட்டுச் சமையலறை ஜன்னல். என் மனைவி செல்வி கன்னடம் கற்றதே அந்த இரண்டு ஜன்னல்களுக்கு நடுவில்தான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தெருவில் ஒரு ஆள் தெரியாது. எதிர் ஜன்னலிலிருந்து நாகரத்னம்மா ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி "பதனெகாயி" என்றார், செல்வி திருப்பிச் சொன்னாள். பதினோரு வருஷப் பேச்சு அப்படித்தான் தொடங்கியது. இந்தப் பக்கமிருந்து ரசம் போகும், அந்தப் பக்கமிருந்து பருப்புக் கோசம்பரி வரும். டப்பாக்கள் மட்டும் காலியாகத் திரும்பியதே இல்லை. காலிப் பாத்திரம் கொடுக்கக்கூடாது என்பதில் இரண்டு மாநிலத்துக்கும் தகராறு கிடையாது.

வியாழக்கிழமை செல்வியின் டப்பா திரும்பி வந்தது. ஜன்னல் வழியாக அல்ல, வாசல் கேட் வழியாக. காலியாக.

"கழுவித் துடைச்சுக் குடுத்துட்டு, பேசாம போயிட்டாங்க" என்று செல்வி டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தாள், மூலையில் ஒரு பருக்கையாவது ஒட்டியிருக்காதா என்பது போல. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. இன்னொரு நாகரத்னம்மாவை எந்தக் கடையில் வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டப்பா நிறைய எலுமிச்சம்பழச் சாதத்தோடு செல்வி கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். நாகரத்னம்மா கதவைத் திறந்தார். டப்பாவை வாங்கவில்லை. அவர் கன்னடத்தில் கொட்டியதைத் தமிழில் சொல்கிறேன்.

"டிவியில காவேரித் தண்ணிச் சண்டை காட்டினாங்க. மறுநாளே நீ திரையை இறக்கிட்ட. நாங்க கல்லெடுத்து வீசுவோம்னு பயந்தியா செல்வீ? இத்தனை வருஷம் என் கையால தின்னவ நீ."

செல்வி பதறிப்போனாள். "ஐயோ அக்கா! தண்ணிக்கு இல்லக்கா, வெயிலுக்கு!"

"வெயிலா? காலையில எட்டு மணிக்கு? மேற்கு ஜன்னல்லயா?"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்கள் வீட்டுத் துளசிச் செடியைப் பார்த்தேன்.

"உன் வீட்டுக்காரருக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு யாரும் சொல்லித் தரலையா?" என்றார் நாகரத்னம்மா. "பாரப்பா, ஒரு மணிக்குத்தான் உங்க ஜன்னல்ல வெயில் விழும். மூணரை ஆனா எங்க வீடே குறுக்க நின்னு உங்களுக்கு நிழல் குடுக்குது. இந்த வீடு கட்டினதிலேர்ந்து குடுத்துட்டு இருக்கு. நடுவுல ரெண்டரை மணி நேரம், அப்போ நான் தூங்கிட்டு இருப்பேன். என்ன வேணா இறக்கிக்கோ."

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று ஆயிரம் பேருக்கு எடுத்துவிட்டவன் நான். பதினோரு வருஷமாக யார் வீட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. "தப்பு என்னோடதுங்க" என்றேன். "மாத்து பல்லவனிகே ஜகளவில்ல" என்றார் அவர். பேசத் தெரிந்தவனுக்குச் சண்டை இல்லை. பிறகு செல்வியைப் பார்த்து, "இவருக்குப் பேச மட்டும்தான் தெரியும் போல" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார். அது மறுநாள் மாங்காய்த் தொக்கோடு வந்தது. ஜன்னல் வழியாக.

இப்போது திரை ஒரு மணிக்கு இறங்குகிறது, மூன்றரைக்கு ஏறுகிறது. பகலில் டியூப்லைட் எரிவதில்லை. ஏசிப் பேச்சும் அடங்கியிருக்கிறது, அடுத்த பங்குனி வரை. எனக்கு லீவு நாளென்றால் கயிறு இழுக்கும் உத்தியோகம் என்னுடையது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு நான் இழுக்கும்போது செல்வி காதில் போனை வைத்திருந்தாள். காட்பாடியிலிருந்து அவள் தங்கை.

"இங்க என்னடி வெயில், ஜிலுஜிலுன்னு இருக்கு" என்றாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

திரை பாதி ஏறியிருந்தது. எதிர் ஜன்னலில் காபி டம்ளரோடு நாகரத்னம்மா. "ஊர்லயா பேசற? பாவம், அங்க எப்படிக் கொளுத்துதாம்?"

செல்வி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அங்க நேத்து நல்ல மழையாம் அக்கா."

வேலூரில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. பாதித் திரையில் கயிற்றைப் பிடித்தபடி, வேர்வை வழிய நின்றுகொண்டிருந்தேன்.