பார்க்கும் ஒலியா, ஆற்றும் ஒலியா? தவளக்குப்பத்திலிருந்து கோரிமேட்டுச் சாலைக்கு

எலும்பு முறிவோடு புதுச்சேரிக்குப் பயணப்படும் அன்பர்களே! நோயாளியின் உடலில் என்ன செய்கிறோம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லாத மருத்துவமனைகள்மீது எனக்கொரு வழக்கு உண்டு. அதற்குச் சான்று, என் அக்கா மல்லிகாவின் இடக்கால்.

அக்கா நடவு வேலைக்குச் செல்பவர். மாசியில் வரப்பில் வழுக்கி விழுந்து முறிந்த கீழ்க்கால் எலும்பு ஆவணியாகியும் கூடவில்லை. இனி அறுவைதான் என்ற பேச்சு வந்ததும், சென்ற திங்களன்று நானே அவரை அழைத்துக் கிளம்பினேன்.

தவளக்குப்பம் சந்திப்பில் காலை ஏழரைக்குப் பேருந்து. கடலூர் வண்டிகள் நிரம்பியே வரும். ஊன்றுகோலோடு செல்வோர் நகரப் பேருந்துக்குக் காத்திருங்கள். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் மாறி, கோரிமேட்டுச் சாலையிலுள்ள சிறிய தனியார் மருத்துவமனையை அடைந்தபோது மணி ஒன்பது. இயன்முறை மருத்துவப் பெண் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏங்க்கா, ஒருநாள் வந்துட்டு அப்பறம் ஆளையே காணோம்?"

"அதான் அல்ட்ராசவுண்ட் எடுத்தாச்சேம்மா! எம் பொண்ணு வயித்துல இருந்தப்பவே ரெண்டு தடவதான் எடுத்தாங்க. காலு என்ன, புள்ளையா பெக்கப்போவுது?"

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்தோறும் பெறவேண்டிய மருத்துவத்தை, ஒருமுறை எடுக்கும் படமென்று நம்பி அக்கா வீட்டிலிருந்துவிட்டார். அல்ட்ராசவுண்ட் எனும் மீயொலியின் மெல்லிய துடிப்புகள் எலும்பு வளர்க்கும் உயிரணுக்களைத் தூண்டக்கூடும். எல்லா முறிவுக்கும் பயன் தருமா என்பதில் ஆய்வாளர்களே ஒருமனப்படவில்லை. அக்காவுக்குப் பலித்திருக்குமா, அறியேன். பலிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதை அறிவேன்.

பசை தடவி, சிறு கருவியை முறிவின்மேல் வைத்தார் அப்பெண். இருபது நிமிடம். வலியில்லை, சூடில்லை.

"சத்தமே காணோமேம்மா?"

"நம்ம காதுக்குக் கேக்காதுக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பாத்துக்கடா தம்பி. கத்தாமலே வேல செய்யுது!"

மேடைதோறும் முழங்கிப் பிழைக்கும் என்னைத்தான் குத்துகிறார் என்று புரிந்து, இம்முறை நானும் சிரித்தேன். திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னார்: "தினம் வரேன்டா. தை நடவுக்கு நான் நிக்கணும்." அதுவரை அறுவையைத் தள்ளிவைத்துப் பார்ப்போம் என்று மருத்துவரும் இசைந்திருக்கிறார்.

பயணத் தோழர்களே, படுக்கையிலிருந்து இறங்குமுன் கேளுங்கள்: "இது பார்க்கவா, ஆற்றவா? எத்தனை நாள் வரவேண்டும்?" மருத்துவமனை நடத்துவோரே, அந்த விடையைத் தமிழில் எழுதி அறைக்கதவில் மாட்டுங்கள். நாளை வேண்டாம். இன்றே மாட்டுங்கள்!