மதில்மேல் போன ஒயரும் அம்மாவின் படமும்

பெரம்பலூரில் எங்கள் பூர்வீக மனையை நடுவில் மதில் வைத்துப் பிரித்தவன் நான்தான். வேப்பந்தட்டையிலும் ஜெயங்கொண்டத்திலும் வருவாய்த் துறையில் இருந்து ஊரார் பாகப்பிரிவினைகளையெல்லாம் பார்த்தவன் என்பதால், எங்கள் பத்திரத்தில் ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. கிணறு மட்டும் என் பக்கம் வந்திருந்தது.

“எல்லாம் நடைமுறைப்படிதான்” என்றேன்.

“நடைமுறை தெரிஞ்சவன் பக்கந்தாண்ணே கெணறு இருக்கும்” என்றான் தம்பி.

அதன்பிறகு பேச்சு குறைந்தது, அறவே நிற்கவில்லை. அம்மா இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். 2006 வாக்கில், நான் ஓய்வுபெற்ற பிறகு, இன்டர்நெட் இணைப்பு ஒன்றை வாங்கி இருவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மதில்மேல் நீல ஒயர் ஒன்று போனது. என் கணிப்பொறியில் குடும்பப் படங்களுக்கென்று ஒரு கோப்புறை; ஒயர் வழியாகத் தம்பியும் தன் வீட்டிலிருந்தே அதைத் திறந்து பார்க்கலாம். அம்மாவின் படம் ஒன்றே ஒன்று அதில் இருந்தது. கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்பவள் அவள். அரியலூரில் சிமென்ட் ஆலை ஒன்றில் வேலை பார்த்த தம்பி, நண்பரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கிவந்து எப்படியோ எடுத்துவிட்டான். கேமராவைத் திருப்பிக் கொடுக்குமுன் படத்தை என் கணிப்பொறியில்தான் இறக்கிவைத்தான்.

அம்மா இறந்த சில மாதங்களில், தம்பி மனைவி தன் கணிப்பொறியைச் சுத்தம் செய்வதாக நினைத்து, ஒயர் வழியே என்னுடையதில் இருந்த கல்யாணப் படங்கள் சிலவற்றை அழித்துவிட்டாள். சிடியில் நகல் இருந்ததால் மீட்டுவிட்டேன். ஆனால் அதிகாரியாக இருந்தவனுக்கு ஒரு அசம்பாவிதம் நடந்தால் உடனே ஒரு உத்தரவு போட்டாக வேண்டும். கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். அதில் ‘எல்லோரும்’ என்று ஒரு வரி. எதிரே இரண்டு வரிசைக் கட்டங்கள்: ஒன்று அனுமதிக்க, மற்றது மறுக்க. மறுக்கும் வரிசையில் முதல் கட்டத்தைத் தொட்டதும் கீழே உள்ளவை எல்லாம் தாமாகவே டிக் ஆயின. திருப்தியாக இருந்தது. ஒயர் வழியே பகிர்வதற்கென்று தனியாக இருந்த இன்னொரு பட்டியலிலும் அதையே செய்தேன். அலுவலகத்தில் ‘அனைவருக்கும் அனுமதி இல்லை’ என்று பலகை எழுதி மாட்டினால், அந்த அனைவரில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருநாளும் அடக்கமில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கோப்புறையை நான் திறக்கவில்லை. அம்மாவின் படத்தைப் பார்க்கும் துணிவு இல்லை.

அம்மாவின் தலைத்திவசம் நெருங்கியது. எங்கள் வீட்டில் படையல். இலை போடும் இடத்துக்கு எதிரே மாலை போட்ட படம் வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி கொல்லைப்பக்கமிருந்து வேகமாக வந்தாள்.

“என்னங்க, கொழுந்தனாரு படையலுக்கு வரமாட்டாராம். அவரு பொண்டாட்டி மதிலுக்கு அந்தாண்ட நின்னு சொல்றா.”

“ஏனாம்?”

“அம்மா போட்டோவ ஃப்ரேம் போடலாம்னு தொறந்தாராம். அனுமதி இல்ல, நிர்வாகிய கேளுன்னு வந்துச்சாம். நிர்வாகின்னா யாரு, நீங்கதான?”

இருந்தது நாங்கள் இரண்டு பிள்ளைகள். அதில் ஒருவன் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டே தாயின் முதல் வருஷப் படையலுக்கு வராமல் போனால், மீதியிருந்த பேச்சும் அன்றோடு முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த எந்தப் படிவத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

தம்பி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“வாங்க” என்றான். சின்ன வயதிலிருந்து என்னை ‘நீ’ என்பவன்.

“உன்னைத் தடுக்கணும்னு போடலைடா.”

“அதெல்லாம் ஒங்க ஆபீஸ் வெவகாரங்க. பெத்தவ போட்டோவுக்கு மனு எழுதிக் குடுக்கணும்னா குடுக்குறேன். எந்த ஃபாரம்னு சொல்லுங்க.”

“நீயே வந்து பாரு. என் பொட்டியில எனக்குத் தொறக்குதான்னு பாரு” என்று வீம்பாகத்தான் சொன்னேன். என் நாற்காலியில் உட்கார்ந்தால் திறக்கும், விளக்கம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வந்தான். கோப்புறையை அழுத்தினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்றது. மறுபடி அழுத்தினேன். அதே பதில்.

“ஒனக்குமா இல்ல?” என்றான் தம்பி.

“எல்லோரும்னா நானும் சேர்த்தியாம்.”

“சரியான ஆளுண்ணே நீ. ஊருக்கெல்லாம் தடை போட்டு, அதுலயே நீயும் மாட்டிக்கிட்டியா?”

சிரித்தானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வழி இருந்தது: கோப்புறையின் உரிமையாளனால் அதைத் திறக்க முடியாவிட்டாலும் அனுமதிப் பட்டியலை மாற்ற முடியும். நான் போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். திறந்தது. தம்பி தன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். மதிலுக்கு அப்பாலிருந்து அவன் குரல் இறுகி வந்தது.

“இன்னும் மாட்டேங்குதே. ஒனக்கு மட்டும் தொறந்துக்கிட்டியா?”

திரையை மறுபடி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பிறகுதான் பகிர்வுக்கான அந்த இன்னொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் சரி என்று எழுதினாலும், தாலுகா ஆபீஸில் மறுத்தால் மறுத்ததுதான். இதற்கும் அதே சட்டம். இரண்டு இடமும் சம்மதிக்க வேண்டும். அங்கேயும் தடையை எடுத்தேன். ‘இப்பப் பாரு’ என்று கத்தினேன். மறுபடி கத்திவிட்டு நானே போனேன்.

திரை முழுக்க அம்மா இருந்தாள். மடியில் முறம், அதில் உரித்த கடலை. கண்ணைச் சுருக்கி, வாய் பாதி திறந்து, எடுத்தவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னைத் திட்டிக்கிட்டிருந்தா” என்றான் தம்பி. “இந்தக் கெழவிய எடுத்து என்னடா பண்ணப்போறேன்னா.”

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூட மனம் வரவில்லை.

படையலன்று அரியலூர் ஸ்டுடியோவில் சட்டம் போட்ட படத்தோடு முதல் ஆளாக வந்தான். படையல் இலையில் முதல் சோற்றை அவனைப் போடச் சொன்னேன். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, தோளில் துண்டைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“அடுத்த வருஷம் எங்க வூட்டுல வச்சுக்குவோம்ணே.”

மூத்தவன் வீட்டில்தான் படைக்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

“சரிடா” என்றேன்.