வாசலில் வைத்த படம்

ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், முதல் ஞாயிறு பூசையிலேயே எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று குருவானவர் சொன்னதும் நான் பழக்கதோஷத்தில் கைகூப்பினேன். முன்பெஞ்சிலிருந்து ஒரு வயதான அம்மையார் எழுந்து வந்து, கூப்பிய என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். ஃபிராவ் பிராண்ட் என்று பெயர். இந்தக் கோயிலைத் திறந்து, மெழுகுவத்தி ஏற்றி, பூட்டிப்போகும் 'மெஸ்னரின்' அவர்தான். உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டார். கும்பிடுவதோடு சரி, தொடமாட்டோம் என்றேன். கிருமி தொற்றாமல் இருக்கவா, நல்ல சுத்தம் என்று பாராட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அதற்குமேல் விளக்க வழியில்லை.

கிருமிக்காக இல்லை. கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. கோயில் வீதிக்காரர்களும் காலனிக்காரர்களான நாங்களும் ஒரே கூரைக்குக் கீழேதான் ஜெபிக்கிறோம். சமாதானம் சொல்லும்போது விரல் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டால் யாருக்கும் சிக்கல் இல்லை. சாதியை அத்தனை மரியாதையோடு காப்பாற்ற எங்கள் கொங்குநாட்டுக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பா விசைத்தறி ஓட்டியவர், எழுத்துத் தெரியாது. ஞானோபதேச வகுப்பில் நான் படித்துவந்ததைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். திருச்சபை என்பது வெறும் கட்டடமல்ல, கிறிஸ்து அதன் தலை, நாம் எல்லோரும் அவருடைய உடல். இந்த இடம் வந்தால் நிறுத்தச் சொல்வார். "எல்லாரும்னு போட்டிருக்குதா கண்ணு? நல்லாப் பாத்துச் சொல்லு." போட்டிருக்கிறது என்பேன். தறிச்சத்தத்தில் பாதிக் காது போன மனிதர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

நான் சரவணம்பட்டியில் எஞ்சினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது அவர் இறந்துபோனார். கோயில் வீதியில் யார் இறந்தாலும் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். காலனிச் சாவு என்றால் வாசல் மண்டபத்தில் ஒரு பெஞ்சு. இந்த முறை உள்ளே கொண்டுபோவது என்று நான் பிடிவாதமாகப் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் படியேறினேன். கதவை மறித்தபடி பங்குப் பேரவைத் தலைவர் சவரிமுத்து நின்றிருந்தார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு அதட்டல் இல்லை. "இங்கயே எறக்கிப்போடுங்க தம்பி. ஜெபம் வெளிய சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்குமல்லங்க" என்றார். உள்ளேயிருந்து பங்குச் சாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார், போனார். எல்லோரும் என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னவன் நான். அன்று அப்பாவுக்கு முன்னால் நான்தான் பொய்யனாக நின்றேன். சவரிமுத்துவை நான் மன்னிக்கவில்லை.

இங்கே ஜெர்மனியில் எனக்குப் பம்பு கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறை இதே கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு நான்தான் ஏற்பாடு. பக்கத்து நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஜெரால்டு ஒருநாள் போன் செய்தான். சவரிமுத்துவின் மகன், பள்ளிக்கூடத்தில் என்னை டேய் காலனி என்று கூப்பிட்டவன். அப்பா தவறிவிட்டார், விசா புதுப்பிக்கக் கொடுத்திருப்பதால் போனால் திரும்ப முடியாது, முகம்கூடப் பார்க்கவில்லை என்றான். "ஏனுங்க ஸ்டீபன், நம்ம பூசைல அப்பாவுக்கு ஒரு நினைவு சொல்லோணுமுங்க. படத்தப் பீடத்துக்கு முன்னால வெச்சுக்கலாமுங்களா?" நம்ம பூசை என்றான். அந்த 'நம்ம' எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு நல்ல சட்டம் போட்டேன், குறை வைக்கவில்லை. வாசல் மண்டபத்தில் ஒரு சின்ன மேசை போட்டு அதன்மேல் வைத்தேன். மாலையோடு வந்த ஜெரால்டு படத்தைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான்.

"உள்ள வெக்கலீங்களா?"

"வெளிய சொன்னாலும் கேக்குமல்லங்க."

அவன் முகம் சுண்டிப்போனது. என் அப்பாவின் பெட்டியை மறித்த அன்று அவனும் தன் அப்பாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான்.

"எங்கப்பா செத்துப்போயிட்டாருங்க."

"எங்கப்பாவுந்தானுங்க."

அவன் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், தடுக்க என்னைத் தவிர யாரும் இல்லை. போகவில்லை. பூசை முடியும்வரை படத்தோடு வெளியிலேயே நின்றான். நான் உள்ளே போய் சவரிமுத்துவின் பெயரை மைக்கில் நிதானமாக வாசித்தேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. மன்னிப்பைப் பற்றி எனக்குக் கடிதம் எழுத நினைக்கிறவர்கள் முதலில் எங்கள் காலனியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறிப்பார்க்கட்டும்.

ஜெரால்டு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய பிறகு, பூட்ட வந்த ஃபிராவ் பிராண்ட் மேசையைப் பார்த்து நின்றார். இறந்தவர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிறாரா, எவ்வளவு அழகான வழக்கம் என்றார். என் அப்பா இறந்தது அவருக்குத் தெரியும். உங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தீர்களா என்று கேட்டார்.

"யா" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அந்த மேசையில் வேறொரு படம். தீயணைப்புச் சீருடையில் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரர். இறந்துபோன தன் கணவர் கார்ல், உங்கள் ஊர் முறைப்படி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஃபிராவ் பிராண்ட் உள்ளே போனார். எடுத்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பார். சொன்னால், சவரிமுத்துவுக்கு நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். போன வாரம் சவரிமுத்துவை விட்டுவிட்டுச் சுலபமாக உள்ளே போன அதே கால் இன்று நகரவில்லை. கார்ல் யாரென்றே எனக்குத் தெரியாது. பனி கலந்த காற்று மண்டபத்துக்குள் அடித்தது. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெர்மன்காரர் ஒருவருக்கு அங்கே காலனிச் சாவு நடந்துகொண்டிருந்தது, சொந்தக்காரன் என்று நான் ஒருவன்தான் இருந்தேன்.