நாக்கில் வைத்துப் பார்த்தவர்

எண்பதுகளில் மண்டபத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோது வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்தேன். அடுத்த தெருவில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் தொழிலை விட்டுவிட்ட ஒரு பாய் இருந்தார். எப்போதும் சிவந்த கண்கள். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்துச் சாகவே, அவரை அழைத்துவந்தேன். தொட்டியில் விரலை நனைத்து ருசி பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"தண்ணி வத்துனா என்னத்த ஊத்துறீக?"

"கடல் தண்ணிதான் பாய். பக்கத்துலயே கெடக்குல்ல."

"வெயிலு தண்ணியத்தான் குடிக்கும் சார். உப்ப இங்கனயே விட்டுட்டுப் போயிரும். நீங்க அதுக்கு மேலயும் உப்ப ஏத்தியிருக்கீக. இனிமே நல்ல தண்ணி ஊத்துங்க, கொஞ்சங் கொஞ்சமா."

செத்த பவளம் ஒன்றை எடுத்துத் தடவினார்.

"இத வள்ளம் வள்ளமா ஒடைச்சு சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துனவன் நான். கல்லுன்னு நெனச்சேன்."

உயிரோடு மிஞ்சியது ஒன்றுதான். வெள்ளிதோறும் தொழுகை முடிந்து நேராக வருவார். நின்றபடியே ருசி பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நிறம் திரும்பிய அன்று மட்டும் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும்வரை அவர் எழவே இல்லை.